கழிவு லாரிகளை மறித்த பரிமளாக்கா

பரிமளாக்கா இறந்த செய்தி எனக்குக் காவல் நிலையத்தில் வந்தது. அவரை வெட்டியவர்களைப் பற்றி வாக்குமூலம் சொல்லிக்கொண்டிருந்தேன். மேசைத் தொலைபேசி அடித்தது. எடுத்துக் கேட்ட எழுத்தர் என் முகத்தைப் பார்க்காமல், ‘கொலை முயற்சி’ என்று எழுதியிருந்ததில் இரண்டாவது சொல்லை மட்டும் அடித்தார். “சாரி சார்” என்றார். 

அவரை அறிந்த நீங்கள்தான் இதைப் படிக்கிறீர்கள். அதனால் பொறுமையின் வடிவம் என்றெல்லாம் எழுதி உங்களைச் சிரிக்கவைக்க மாட்டேன். கோபக்காரர். எர்ணாவூர்க் கடலோரத்தில் மீனவர் வீட்டில் பிறந்து, வேளாண்மை படித்து, அரசு வேலையில் சேர்ந்து, மேலதிகாரியோடு சண்டை போட்டு வெளியே வந்தவர். ஆற்றோரம் கீரை பயிரிடுகிறவர்களுக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு இளைஞர்களுக்கும் ஞாயிறுதோறும் ஒரு கொட்டகையில் மண் வகுப்பு நடத்தினார். திருவொற்றியூரில் வேதியியல் ஆசிரியனாக இருந்த என்னையும் கையைப் பிடித்து இழுத்துவந்தார்.

முதல் வகுப்பு நினைவிருக்கிறது. இரண்டு கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு மண்கட்டியைப் போட்டார். தொழு உரம் கண்ட மண் உடையாமல் நின்றது. மூட்டை உரமும் பூச்சிமருந்தும் மட்டுமே கண்ட மண் கரைந்து சேறானது. அது கீரைக்காரர் ஏகாம்பரத்தின் வயல் மண்.

“மீன்காரன் பொண்ணு மண்ணுக்குப் பரிச்ச வெக்குது பாரு” என்று ஏகாம்பரம் சிரித்தார்.

“ஆமா நைனா. உன் மண்ணு பெயிலு. மழை வந்தா இப்டிதான் கரைஞ்சி ஆத்துக்குப் போவும். சிரிச்சது போதும், சாணிக்கு வழி பாரு.”

அடுத்த வாரம் ஏகாம்பரம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

மழைக்காலத்தில் ஆறு அந்தத் தாழ்ந்த வயல்களுக்குள் புகுந்துவிடும். அதைப் பார்த்து ஒரு லாரிக்காரக் கும்பல் வந்தது. பள்ளத்தை இலவசமாக மேடாக்கித் தருகிறோம் என்றார்கள். கொண்டுவந்தது தொழிற்சாலைக் கழிவு. கறுப்பாக, காரநெடியோடு இருந்தது. சிலர் சம்மதித்தார்கள். பரிமளாக்கா அந்தக் கழிவில் கொஞ்சம் அள்ளிவரச் சொல்லி, இளைஞர்களை வைத்தே தொட்டிகளில் கீரை விதைக்கச் செய்தார். வயல் மண்ணில் முளைத்தது. கழிவில் தலைநீட்டிய ஒன்றிரண்டும் கருகி விழுந்தன. வீடுவீடாகத் தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினார். ஆற்றோரம் முழுக்க ஒரே குரலில் வேண்டாம் என்றது.

ஆனாலும் ஒரு காலையில் லாரி வந்தது. நாங்கள் மறித்தோம். இரும்புக் கம்பிகளோடு குதித்தார்கள். ஏகாம்பரத்தின் மண்டை பிளந்து, ரத்தம் கண்ணை மறைக்க அவர் தடவித் தடவி விழுந்தார். பரிமளாக்காவின் இடதுகை முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் சுமை தூக்கும் வாசு, எங்கள் வகுப்புப் பையன், கீழே விழுந்திருந்த ஓட்டுநரின் கழுத்துக்கு நேரே மண்வெட்டியை ஓங்கிவிட்டான். அக்கா நல்ல கையால் அதன் காம்பைப் பிடித்துத் தொங்கினார்.

“வுடுக்கா! உன் கைய ஒடச்சிட்டானுங்க!”

“ஒடைஞ்ச கை கூடிக்கும்டா. நீ ஜெயிலுக்குப் போனா எனக்கு யாருடா மண்ணு அள்ளுவான்?”

வாசு மண்வெட்டியை லாரியின் முகப்பு விளக்கில் இறக்கினான். கண்ணாடி சிதறியது. ஓட்டுநர் உயிரோடு எழுந்து ஓடினான்.

அந்த வாரமே கொட்டகையை எரித்தார்கள். ஞாயிறன்று மாவுக்கட்டுக் கையோடு வந்த அக்கா, கருகிய தரையிலேயே எல்லோரையும் உட்கார வைத்தார். “மரச் சாம்பல் அளவாப் போட்டா மண்ணுக்கு ஆவும். உருகுன பிளாஸ்டிக் ஆவாது. தனியாப் பொறுக்குங்க. எரிச்சவனுங்கள அப்புறம் பொறுக்கலாம்.”

வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தது. மிரட்டல்களும் வந்தன. கம்பியால் அடித்தவர்களை அவர் கூண்டில் நின்று கைநீட்டிக் காட்டினார். அதற்குப் பிறகுதான், ஒரு மாலை வகுப்பு முடிந்து நாங்கள் இருவரும் பேருந்துக்கு நின்றிருந்தபோது, இரண்டு பைக்குகள் வந்தன. முதல் வெட்டு தோளில் விழுந்தது. அக்கா மண் மாதிரிகள் இருந்த பையைச் சுழற்றி ஒருவன் முகத்தில் அடித்தார். அவன் கட்டியிருந்த துணி அவிழ்ந்தது. அந்த முகத்தை நான் பார்த்தேன். அடுத்த வெட்டு கழுத்தில். என் மடியில் சாய்ந்தவரின் ரத்தம் என் சட்டையெல்லாம் சூடாக ஊறியது.

பிணவறை வாசலில் வாசு நண்பர்களோடு நின்றிருந்தான். “கேஸுலாம் வேணாம் வாத்யாரே. இன்னிக்கே முடிச்சிர்றோம்.”

ஏகாம்பரம் அவன் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். “முடிச்சிட்டு? ஞாயித்துக்கெழம கிளாஸ் யாருடா எடுப்பா? உங்கொப்பனா?”

வாசு திரும்பி, நெற்றி கிழியும்வரை சுவரில் மோதினான். நாங்கள் மூன்று பேர் பிடித்தும் அடங்கவில்லை. பிறகு தரையில் உட்கார்ந்து அழுதான். அந்த ஞாயிறு வகுப்பை அவன்தான் எடுத்தான், நெற்றியில் தையலோடு.

நான் மனதில் வைத்துக்கொண்டிருப்பது அக்காவின் ஒரு பேச்சை. சாட்சி சொல்லப் போன அன்று, நீதிமன்ற வராந்தாவில் ஏகாம்பரம் உள்ளே போகாமல் நின்று, “பயமா கீதும்மா” என்றார். அக்கா சொன்னார்: “எனக்கும்தான் கீது. பயந்துகினே சொல்லு. ஆனா முழுசாச் சொல்லு.”

நேற்று சிறையில் அடையாள அணிவகுப்பு நடந்தது. வெட்டியவனை நான் தொட்டுக் காட்ட வேண்டும். வரிசையில் நின்ற, அன்று முகத்துணி அவிழ்ந்தவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.  பயந்துகொண்டே நடந்துபோய் அவன் தோளில் கையை வைத்தேன்.