நாலாம் வாட்டுப் பதிவுப் புத்தகம்

இராணுவம் பிடித்து வைத்திருந்த எங்கள் ஊர்க் காணிகளைத் திருப்பி விட்டபோது பழைய ஆஸ்பத்திரியும் கைக்கு வந்தது. அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்ட மறுநாளே, கொக்குவிலில் இருந்து அண்ணையைக் கூட்டிக்கொண்டு ஓட்டோவில் போனேன். முப்பது வருடங்களுக்கு முன் என் கணவரைக் கடைசியாகப் பார்த்தது அங்கேதான்.

அவருக்குத் தொடையில் ஷெல் துண்டு ஏறியிருந்தது. ஆண் நோயாளிகளின் நாலாம் வாட்டில் கிடந்தார். அந்தக் கடைசி நாள் காலை சோறு சமைத்துவர வீட்டுக்குப் போனேன். அதற்குள் ஷெல்லடி தொடங்கி ஊரே கிளம்பிவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வழியில்லை. நோயாளிகளை வாகனங்களில் ஏற்றினார்கள் என்று பிறகு சொன்னார்கள். எங்கே கொண்டுபோனார்கள் என்று சொல்ல ஆளில்லை. நான் போய்க் கேட்காத ஆஸ்பத்திரி இல்லை.

கூரை பாதி விழுந்திருந்தது. மருந்து கொடுக்கும் அறையில் லேபல் அழிந்த போத்தல்கள் அப்படியே வரிசையாக நின்றன. பிரசவ அறையில் குழந்தை நிறுக்கும் தராசுத் தட்டில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. நாலாம் வாட்டின் இரும்புக் கட்டில்களை யாரோ ஒரு மூலையில் குவித்திருந்தார்கள். அவர் படுத்தது எது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன்.

நர்ஸ்மாரின் அறையில் துருப்பிடித்து இறுகிய அலுமாரி ஒன்று இருந்தது. அண்ணை கட்டில் கம்பியால் நெம்பித் திறந்தார். உள்ளே வாட்டுப் பதிவுப் புத்தகம். ஓரங்களைக் கறையான் தின்றிருந்தது. கடைசியாக எழுதிய பக்கத்தில் என் கணவருடைய பெயர் இருந்தது. நீல மையில், தெளிவாக.

அவருக்கு மேலே இருந்த நாலு பேருக்கும் எங்கே அனுப்பினார்கள் என்று எழுதியிருந்தது. அவருக்கு எழுதவில்லை. அவருக்குக் கீழே இருந்தவர்களுக்கும் எழுதவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். வெறுமை. கடைசி மட்டை வரைக்கும் திருப்பினேன்.

"எழுத நேரம் கிடைச்சிருக்காது, பிள்ளை," என்றார் அண்ணை.

"இன்னும் அறையள் கிடக்கு."

பிரேத அறை வாசலில் அண்ணை என் கையைப் பிடித்தார். "உதுக்குள்ளை போகாதை."

நான் போனேன். சீமெந்து மேடையும் ஆட்டுப் புழுக்கையும்தான். சுவர்களைத் தடவிப் பார்த்தேன். எதைத் தேடினேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

வெளியே வந்து படியில் இருந்தபோது, யாரிடமும் சொல்லாததை அண்ணையிடம் சொன்னேன். "அண்டைக்கு அவர் போகவேண்டாம் எண்டு சொன்னவர். எனக்குப் பசிக்கேல்லை, இரு எண்டவர். நான்தான் கேக்கேல்லை."

"இனியாவது அவருக்குக் காரியத்தைச் செய்வம்," என்றார் அண்ணை.

அந்த வாரம் முழுக்கத் தனியே பஸ்ஸில் போய், விழுந்த ஓடுகளுக்குக் கீழே கிடந்த கடதாசிகளைப் பொறுக்கி வாசித்தேன். மருந்துச் சிட்டைகள், உடுப்புச் சலவைக் கணக்கு, யாருடையதோ இரத்தப் பரிசோதனை. இடிக்க வந்த நாளில் காவலாளி என்னை உள்ளே விடவில்லை.

"அம்மா, சுவர் விழும். தள்ளி நில்லுங்கோ."

"ஒரு அறை பாக்கேல்லை, தம்பி."

"எல்லா அறையும் பாத்திட்டியள், அம்மா. நானும் பாத்துக்கொண்டுதானே நிண்டனான்."

மத்தியானத்துக்குள் நாலாம் வாட்டு விழுந்துவிட்டது. பஸ் வரும்வரை ரோட்டோரம் நின்றேன். அண்ணை ரெலிபோனில் இரண்டு தடவை கூப்பிட்டார். எடுக்கவில்லை. ஐயரிடம் காரியத்துக்கு நாள் கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும்.