கவலை குறைந்த இனம்

சுந்தரவனத்துக்குப் போகும் ஆய்வுப் படகில் எங்கள் விலங்கியல் வகுப்புக்கு ஒரே ஓர் இடம்தான் இருந்தது. இருவர் இருவராகச் சேர்ந்து சுவரொட்டி செய்து பேச வேண்டும். நன்றாகப் பேசுகிற ஒருவருக்கு அந்த இடம். எனக்கு வாய்த்த ஜோடி, அந்த வருடம்தான் தூத்துக்குடியிலிருந்து எங்கள் ஊருக்கு வந்து பாலிகஞ்சில் தங்கியிருந்தவள். எங்களுக்குக் கொடுத்த தலைப்பு, ஒரு பாடும் பறவையையும் ஒரு சுறாவையும் ஒப்பிடுவது. சீட்டுப் போட்டோம். சுறா அவளுக்குப் போனது.

அட்டவணையில் முதல் வரி மட்டும் இரண்டுக்கும் பொது: முதுகுநாணிகள். அடுத்த வரியிலேயே அவளுடையது குருத்தெலும்பு மீன், என்னுடையது பறவை. அதுவரை எனக்கொன்றும் இல்லை. கடைசி வரி, அழியும் ஆபத்து எவ்வளவு என்பது; அதில்தான் வயிறு எரிந்தது. அவளுடைய கங்கைச் சுறாவுக்கு நேரே சிவப்பு மையில் ‘மிக அருகிய இனம்’. என் குண்டுக்கரிச்சானுக்கு நேரே ‘கவலை குறைந்த இனம்’. டாக்குரியாவில் எங்கள் மாடித் தண்ணீர்த் தொட்டிமேல் விடிந்ததும் வந்து பாடுகிற பறவை அது. அதற்கு என்ன கேடு வரப்போகிறது?

“ஏட்டி, ஒன் குருவி நல்லாத்தான இருக்கு? அதுக்கு ஏன் மூஞ்சத் தூக்கி வச்சிருக்க?” என்றாள்.

“உனக்கென்ன, அழியப்போற மீனே கிடைச்சிருச்சு!”

சொன்ன பிறகுதான் உறைத்தது. என் பறவையும் கொஞ்சம் அழிந்தால் தேவலை என்று நான் உண்மையாகவே நினைத்திருந்தேன்.

அன்று மாலையே கரியாஹாட் கடைத்தெருவில் வெள்ளைத்தாள் வாங்கி, என் பாதியைப் புதிதாக எழுதி மேலே ஒட்டினேன். மஞ்சள் மார்பு பன்டிங் என்கிற சின்னக் குருவி. குளிர்காலத்தில் இந்தப் பக்கம் வரும், அதுவும் மிக அருகிய இனம். நான் அதைக் கண்ணால் பார்த்ததே கிடையாது.

மறுநாள் வகுப்பில் நான் மூச்சுவிடாமல் பேசி முடித்ததும் மேடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “இது எப்படிப் பாடும்?”

சுவரொட்டியைத் திரும்பிப் பார்த்தேன்; அதில் நான் அதை எழுதியிருக்கவில்லை.

“கரிச்சான் மாரி விசிலடிப்பியே, இது கரிச்சான் பாட்டுன்னு சொல்லிட்டு அடிச்சிக் காட்டுட்டி,” என்று என் ஜோடி என் காதருகே முணுமுணுத்தாள். எனக்கு அச்சு அசலாக வரும். ஆனால் அவள் சொல்லி நான் செய்வதா? வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

இடம் அவளுக்குக் கிடைத்தது.

படகிலிருந்து ஒரு படம் அனுப்பினாள். “சுறாவக் காணோம்ட்டி, சேத்துத் தண்ணிதான்” என்று எழுதியிருந்தாள். முதலில் ஓர் அற்பச் சந்தோஷம். பிறகு படத்தைப் பெரிதாக்கினேன். அவளுக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்காரும் அளவுக்குப் பலகை காலியாகக் கிடந்தது. அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.