சுமதி போட்ட ‘ங்க’

கண்டக்டர் ஆறுமுகண்ணன் இறந்த சேதி வந்தபோது வீட்டில் நானும், என் மகள் சுமதியும், என் கொழுந்தன் வேலுச்சாமியும் இருந்தோம். சில வருசத்துக்கு முன்னால் அவரை இதே வாசலில் நிற்கவைத்துக் கேள்வி கேட்டபோது இருந்தவர்களும் நாங்கள் மூன்று பேர்தான். காரமடை பஸ்ஸில் அவரிடம் டிக்கெட் வாங்கிய உங்களுக்கு அவரைத் தெரியும். இந்த விசயம் தெரியாது.

சுமதி அப்போது கோயமுத்தூரில் பதினொன்றாவது படித்தாள். பஸ்ஸில் ஒரு பையன் பேசிக்கொண்டு வந்திருக்கிறான், இவளும் பேசியிருக்கிறாள். இப்படி எதையாவது பார்த்தவர்கள் நேரே வீட்டில் வந்து சொல்லிவிடுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். ஆறுமுகண்ணன் சொல்லவில்லை. “நான் சொன்னா அது கோள், கண்ணு. நீ சொன்னா அது பேச்சு. அம்மாகிட்ட நீயே சொல்லிப்போடு” என்று அவளை என்னிடம் அனுப்பினார்.

அவளும் வந்து எல்லாம் சொன்னாள். “நீ யாருகிட்டயும் சொல்லக்கூடாதும்மா” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். சரி என்றேன். வீட்டுக்காரர் இறந்த பிறகு ஆண் துணை இல்லாத வீடு; பயந்துவிட்டேன். விடிந்ததும் வேலுச்சாமியை வரச்சொல்லி அவனிடம் சொல்லிவிட்டேன். புத்தி சொல்வான் என்று நினைத்தேன். அவன் அவள் படிப்பையே நிறுத்திவிட்டான்.

கேள்விப்பட்டு ஆறுமுகண்ணன் தோளில் தோல்பையோடு வந்தார். “புள்ள மேல தப்பில்லீங்க. பரீட்சை முடியற வரைக்கும் நானே கூட்டிட்டுப் போயிக் கூட்டிட்டு வாரேனுங்க” என்றார்.

“மறைக்கறதுக்கு அந்தப் பையன்கிட்ட எவ்வளவு வாங்கினே?” என்றான் வேலுச்சாமி.

“டிக்கெட்டுக்கு மட்டுந்தானுங்க நான் காசு வாங்கறது.”

என் மகளை என்னிடம் பேச அனுப்பியதே இவர்தான் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முறத்திலிருந்த அரிசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அத்தனையும் கேட்டுக்கொண்டு மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். “பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க” என்பார், வேறொன்றும் பேசமாட்டார். ஒரு நாள் வேலுச்சாமியைக் கேட்காமல் புத்தகப் பையை எடுத்து சுமதி கையில் கொடுத்தேன்.

படித்தாள். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கிளினிக்கில் வேலையும் கிடைத்தது. ஆனால் அதுவரை என்னை நீ, வா, போ என்றவள் ‘ங்க’ போட ஆரம்பித்துவிட்டாள். சரிங்க, சாப்பிட்டேனுங்க, ஒண்ணுமில்லீங்க. என்ன மரியாதை என்று வந்தவர்கள் மெச்சினார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரிக்குப் போடுகிற ‘ங்க’ அது என்று எனக்குத் தெரியும்.

ஒருமுறை பஸ்ஸில் ஆறுமுகண்ணனிடம் இதைச் சொல்லி அழுதேன். டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே சொன்னார்: “புள்ள எதாச்சும் சொன்னா உங்களோட வெச்சுக்குங்க. அது அங்கியே இருக்குதுன்னு அவளுக்குத் தெரியோணும். ‘ங்க’ தானா உதுந்துருமுங்க.” அன்றைக்காவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். என் ஸ்டாப் வந்துவிட்டது, இறங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு சுமதி சொன்ன எதையும் நான் வெளியே விட்டதில்லை. அவர் கொடுத்ததில் என்னிடம் இருப்பது அந்த அடக்கின வாய்தான்.

சேதி சொன்ன போனை வைத்துவிட்டு வந்து சுமதி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். “நீ அழுவாதம்மா” என்றாள். ‘ங்க’ இல்லை. இதை யாரிடம் போய்ச் சொல்ல வேண்டுமோ அவர் போய்விட்டார்.

வாசலில் நின்றிருந்த வேலுச்சாமி, “தங்கமான மனுசன்” என்று துண்டால் கண்ணைத் துடைத்தான். நான் கேட்காமலே விட்ட மன்னிப்பு எனக்கு இனிக் கிடைக்காது. வேலுச்சாமிக்கு நான் கொடுக்கப்போவதும் இல்லை.