பயமில்லாதவங்க வேன்லயே இருங்க

எஸ்தர் சிஸ்டர் இன்று காலை போய்விட்டார்.

ஹார்ட் அட்டாக். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே...

பார்மசியில் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு போன் வந்தது. எதிரில் நின்றவருக்கு எதைக் கொடுத்தேன் என்றே நினைவில்லை. பஸ் நிற்கும் ஹோல்ட் வரை அவர் பின்னால் ஓடி, பையை வாங்கிப் பார்த்தேன். நல்லவேளை, சரியான மருந்துதான்.

அவரைத் தெரியாதவர்களுக்கு: கண்டியில் எங்கள் சபையின் மிஷன் ஊழியத்தைப் பதினொரு வருடமாக நடத்தியவர். மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் வேனில் ஏறி, சுற்றியுள்ள தோட்டங்களுக்கும் கிராமங்களுக்கும் போவோம். என்னைவிட மூன்று வயது இளையவர். நான் அவருக்கு உதவியாளன் என்று பெயர்... உண்மையில் பிளாஸ்க் தூக்குகிறவன்.

அழுகை வர வேண்டிய நேரத்தில் எனக்குப் பயம்தான் வருகிறது. அதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

மதியம் அவர் வீட்டு முற்றத்தில் வைத்தே பாஸ்டர் என் தோளைப் பிடித்தார். "அடுத்த ஞாயிறு கலகெதர போறத நிப்பாட்ட வேணாம் பிரதர். சாமுவேல் அண்ணன் நம்மள எதிர்பாத்துக்கிட்டு இருப்பாரு. நீங்க முன்ன நின்னு கூட்டிட்டுப் போங்க."

தலையாட்டிவிட்டேன். பிறகு பின்பக்கம் போய் இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்தேன்.

எஸ்தர் சிஸ்டரிடம் ஒரு வழக்கம் இருந்தது. போகிற இடம் வந்ததும் வேன் கதவைத் திறக்க விடமாட்டார். முன்சீட்டிலிருந்து திரும்பி எங்களை ஒவ்வொருவராகக் கேட்பார். "பயமா இருக்கா?"

இருக்கு என்றால் இறங்கலாம். இல்லை என்றால் வேனிலேயே இருக்க வேண்டும்.

"பயமில்லாதவங்க அடுத்தவங்க வீட்டுக்குள்ள செருப்போட போவாங்க. சத்தமா பேசுவாங்க. நமக்கு அது வேணாம்" என்பார்.

கொழும்பிலிருந்து வந்த பிரசங்கியார் ஒருவர், "கர்த்தர் இருக்கையில எனக்கென்ன பயம் சிஸ்டர்!" என்று மார்தட்டினார். ஹந்தானையில், தோட்டத் தொழிலாளர் லயத்துக்குக் கீழே, இரண்டு மணி நேரம் வேனில் தனியாக உட்கார்ந்திருந்தார் பாவம்.

நாங்கள் முதலில் அந்தத் தோட்டத்துக் கோயில் கமிட்டித் தலைவர் வீட்டுக்குப் போய், பிளேன் டீ குடித்து, யாரைப் பார்க்க வந்தோம் என்று சொல்லிவிட்டு, கூப்பிட்ட அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் போனோம். அதுவும் சிஸ்டரின் சட்டம். கூப்பிடாத வாசலை மிதிக்கக் கூடாது. அரிசி, பார்சல் எதையும் கையில் கொண்டுபோகக் கூடாது. திரும்பி வந்தபோது பிரசங்கியார் நல்ல தூக்கம்.

கலகெதர கிராமத்துக்கு முதல் தடவை போனது இரண்டு வருடத்துக்கு முன்னால்...

சாமுவேல் அண்ணன் கிராம்பு மரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடக்கிறவர். அந்தப் பக்கம் கிறிஸ்தவ வீடு அது ஒன்றுதான். அவர் மனைவி கூப்பிட்டுத்தான் போனோம். மதம் மாற்ற ஆட்கள் வருகிறார்கள் என்று யாரோ கதை கட்டிவிட்டிருந்தார்கள். வேன் நின்றதும் ஏழெட்டுப் பேர் ரோட்டை மறித்து நின்றார்கள். ஒருவர் பொனட்டில் ஓங்கித் தட்டினார்.

சிஸ்டர் திரும்பினார். "பிரதர், பயமா இருக்கா?"

"இல்ல சிஸ்டர்" என்றேன்.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் இல்லை என்று சொன்னால் வேனிலேயே இருந்துவிடலாம் அல்லவா... அப்படித்தான் தப்பித்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

என்னை ஒரு கணம் பார்த்தார். "இருக்கு" என்ற இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு இறங்கினார்.

கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சிங்களத்தில், மெதுவாக, ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துப் பேசினார். ஒரு கையால் வேனின் சைட் மிரரைப் பிடித்திருந்தார். அந்த மிரர் நடுங்கிக்கொண்டே இருந்தது.

அரை மணி நேரம். கடைசியில் பொனட்டில் தட்டியவரே சாமுவேல் அண்ணன் வீடு வரை கூடப் போனார். சிஸ்டர் அண்ணனின் காலுக்கு எண்ணெய் தேய்த்து, தாழ்ந்த குரலில் ஜெபித்ததை வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாராம்.

திரும்புகிற வழியில் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினோம். சிஸ்டரால் கிளாஸைப் பிடிக்க முடியவில்லை. மேசையில் வைத்துவிட்டார்.

"எனக்கு இன்னும் கை நடுக்கம் நிக்கல பிரதர்."

பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "அடுத்த தடவ உண்மைய சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்."

அதற்குப் பிறகு இந்த இரண்டு வருடமும் உண்மையைத்தான் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் நின்றார்.

இன்று பின்னேரம் சாமுவேல் அண்ணனின் மனைவி போன் பண்ணினார். "சிஸ்டர் இல்லாம வருவீங்களாண்ணே? இவரு காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல. வருவாங்களான்னு மட்டும் கேட்டுக்கிட்டு இருக்காரு."

"வர்றோம்மா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அந்த ரோடு நினைவுக்கு வந்தது. ரோட்டில் மறுபடியும் ஆட்கள் நின்றால்? என் அரைகுறைச் சிங்களத்தில் ஏதாவது தப்பாகச் சொல்லி, நாங்கள் போன பிறகு அந்த வீட்டுக்குப் பிரச்சினை வந்தால்? படுக்கையில் கிடக்கிற மனிதன் எங்கே ஓடுவார்?

அடுத்த ஞாயிறு முன்சீட்டில் நான் உட்கார வேண்டும். திரும்பி எல்லாரையும் கேட்க வேண்டும். என்னை யார் கேட்பார்கள்... பதினொரு வருடத்தில் சிஸ்டரை நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை.

நல்லடக்கம் சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு. முடிந்தவர்கள் வாருங்கள்.

போயிட்டு வாங்க சிஸ்டர்.

பயமா இருக்கு. இறங்குறேன்.