கிட்டா, தனி பிஸ்டலா: பின்னால நிக்கிறவன் பயங்கள்

துப்பாக்கி சுடப் பழகுற இடத்துல சுடுறவுகளுக்கு ஆளுக்கு ஒரு பயம். அவுக முதுகுக்குப் பின்னால நிக்கிறவனுக்கு அத்தனை பேரு பயமும் சேத்து.

அந்தப் பின்னால நிக்கிறவன் நான்தான். பட்டாளத்துல இருந்து வந்தவன்னு சொன்னதும் ஊர்ல எல்லாரும் என்னைப் பெரிய வீரன்னு நெனச்சுக்கிட்டாக. நான் இருந்தது ரேஷன் ஸ்டோரு. பதினேழு வருஷம் பருப்பு மூட்டைக்கும் கோதுமை மூட்டைக்கும்தான் காவல். ஊருக்கு வந்ததும் அருப்புக்கோட்டைக்கு வெளிய இருக்க ரைபிள் கிளப்புல கூப்பிட்டு, ஒரு பயிற்சியும் குடுத்து, மேற்பார்வைக்குப் போட்டுட்டாக. எம்.ரெட்டியபட்டியில ஷேர் ஆட்டோ ஏறும்போதே எனக்கு அந்தப் பயம் ஆரம்பிச்சிரும். மகனுக்குக் கார் ஓட்டக் கத்துக் குடுத்திருக்கீகளா? பக்கத்து சீட்டுல உக்காந்து இல்லாத பிரேக்கை மிதிச்சிருக்கீகளா? அப்ப உங்களுக்கு நான் சொல்றது புரியும்.

அந்தா இருட்டுது

பெரிய பிஸ்டலுக்குத் தோட்டா வருஷத்துக்கு இத்தனைதான்னு அளவு உண்டு. அதனால பழகுறதுக்குச் சின்னத் தோட்டா. அதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு கிட்டு: சொந்த பிஸ்டலோட மேல் பாகத்தைக் கழட்டிட்டு, சின்னத் தோட்டா போடுற வேற மேல் பாகத்தை மாட்டுறது. பிடியும் விசையும் அதேதான், கை மாறாது. ஆனா அப்பப்ப தோட்டா சிக்கிக்கிரும். இன்னொண்ணு, பழகுறதுக்குன்னே தனியா ஒரு சின்ன பிஸ்டல் வாங்குறது. சிக்காது, மக்கர் பண்ணாது. ஆனா அதைப் பிடிச்ச ரெண்டாம் நாளே அது விளையாட்டுச் சாமான்னு நெனப்பு வந்துரும். இதுல எது தேவலைன்னு என்னைக் கேட்டா, ரெண்டும் இல்லாம வீட்டுக்குப் போறதுதான் தேவலைன்னு சொல்வேன். சம்பளம் போயிருமேன்னு சொல்றதில்ல.

பரளச்சிப் பக்கம் ஒரு விவசாயி, தனி பிஸ்டல் வாங்குனவரு. நல்ல மனுசன். ஒரு நாள் சாயங்காலம் அஞ்சு ரவுண்டுல மூணு சுட்டுட்டு நின்னாரு. திடீர்னு கை அப்படியே இடது பக்கமா வளைஞ்சு வருது, விரலு விசையில, குழல் என் தலைக்கு மேல. நான் தரையோட தரையா விழுந்துட்டேன். வாயில மண்ணு. என்னன்னு பாத்தா, திருச்சுழி திசையில ஒரு கருமேகம். வெதச்சுட்டு வானத்தைப் பாத்துக்கிட்டு இருக்கவருக்குக் கையில என்ன இருக்குன்னு எங்க ஞாபகம் இருக்கு! பிஸ்டலாலயே மேகத்தைக் காட்டுறாரு. கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக் கீழ வச்சேன். நான் வாயில இருந்த மண்ணைத் துப்பிக்கிட்டு இருக்கேன், அவரு கேட்டாரு: "அதெல்லாம் இருக்கட்டும்ணே, மழை இங்கிட்டு வருமா, அங்கிட்டே போயிருமா?"

தறி நின்னா

அடுத்தது பவர்லூம் முதலாளி. அறுபது வயசு, முப்பது வருஷமாத் தறிச் சத்தத்துக்குள்ளயே வாழ்ந்தவரு. எல்லாரும் அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவோம். ஜவுளி எடுத்துக்கிட்டு ஊர் ஊராப் போறதுக்காக லைசென்ஸ் எடுத்துப் பெரிய பிஸ்டல் ஒண்ணு வச்சிருந்தாரு. கிட்டு வாங்கவா, தனி பிஸ்டல் வாங்கவான்னு அவருக்குக் குழப்பம். துப்பாக்கிக் கடைக்காரரு ரெண்டையும் பாத்துக்கிடச் சொல்லி, தன் கடை ஆளு ஒருத்தரோட குடுத்து அனுப்பியிருந்தாரு.

முதல் நாள் கிட்டு. ரெண்டாவது தோட்டாவே சிக்கிருச்சு. சிக்குனா பிஸ்டலைக் குறிப்பலகைப் பக்கம் பிடிச்சபடியே கையைத் தூக்கணும், நான் வருவேன்னு பத்து தடவை சொல்லியிருக்கேன். அண்ணாச்சி என்ன செஞ்சாரு? பிஸ்டலைத் திருப்பி, குனிஞ்சு, ஒரு கண்ணை மூடிக்கிட்டுக் குழலுக்குள்ள பாக்குறாரு. ஒரே பாய்ச்சல்ல மணிக்கட்டைப் பிடிச்சுத் திருப்பினேன். அவருக்கு அது மரியாதைக் குறைவாப் போச்சு. என்னை ஒரு மாதிரியாப் பாத்துட்டுச் சொன்னாரு: "தறி நின்னா உள்ள குனிஞ்சு பாக்காம, வெளிய நின்னு கும்பிடவா செய்வாக?"

சுட்டுச்சா?

மறுவாரம் தனி பிஸ்டல். கிட்டுக்கு இது தேவலைன்னு நானும் கொஞ்சம் மூச்சு விட்டேன். சின்னத் தோட்டாவுக்குச் சத்தம் கம்மி, உதையும் கம்மி. காதுல வேற மூடி மாட்டியிருக்கு. அண்ணாச்சி சுட்டாரு, பலகையில ஓட்டையும் விழுந்துச்சு. ஆனா அவருக்குச் சுட்டமா இல்லையான்னே தெரியல. என்னைக் கேக்கலாம்னு திரும்புனாரு. வெறுங்கையோட இல்ல, பிஸ்டலோட.

"ஸ்டாப்! கீழ வைங்க!"ன்னு மூணு தடவை கத்துனேன். நாலு தடுப்பு தள்ளி, அதே மாதிரி காதுமூடி மாட்டியிருந்த பரளச்சிக்காரரு டக்குனு பிஸ்டலைக் கீழ வச்சுட்டாரு. அண்ணாச்சி மட்டும் திரும்பிக்கிட்டே இருக்காரு. குழல் என் தொப்புளுக்கு நேரா வந்து நின்னப்ப, நாலாவது தடவை கத்தத் திறந்த வாய் திறந்தபடியே நின்னுருச்சு. வீட்டுக்காரி முகம், கட்டி முடிக்காத மாடி, எல்லாம் ஒரு சுத்து வந்துட்டுப் போச்சு. அண்ணாச்சி சாவகாசமாக் காதுமூடியைக் கழட்டிட்டுச் சிரிச்சாரு: "என்ன தம்பி, ஒண்ணும் சொல்லாம வாயை மட்டும் திறந்துக்கிட்டு நிக்கிறீக?"

ஒரு கையெழுத்து

லைசென்ஸைப் புதுப்பிக்கணும்னா, இவருக்குத் துப்பாக்கியைப் பத்திரமாக் கையாளத் தெரியும்னு எங்க கிளப்பு சர்டிபிகேட்டு வேணும். அதுல நான் கையெழுத்துப் போடணும். போட்டுட்டு நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா பாவம் என் தலையில. போடலைன்னா அண்ணாச்சி கோவம் என் தலையில. உண்மையைச் சொல்றேன், முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்றதுக்குத்தான் எனக்கு ரொம்பப் பயம். பேனாவைத் திறந்துட்டேன்.

அன்னைக்கு அவரு வீட்டம்மாவும் கூட வந்திருந்தாக, திருச்சுழி கோயிலுக்குப் போற வழியில. அண்ணாச்சி கைகழுவப் போன நேரம் பாத்து அந்தம்மா என் மேசைகிட்ட வந்தாக. "போன வாரம் வெளக்கு வைக்கிற நேரம் தம்பி. கரண்டு போயிருச்சு. நான் அடுப்படியில இருந்து வாரேன். அவுக 'யாரது'ன்னு கேட்டாக. 'நான்தாங்க, நான்தாங்க'ன்னு சொல்லிக்கிட்டே வாரேன். திரும்பத் திரும்ப 'யாரது, யாரது'ங்குறாக. அப்பறம் பீரோவைத் திறக்குற சத்தம் கேட்டுச்சு. அங்கனயே தரையில உக்காந்துட்டேன். கரண்டு வந்துச்சோ, பொழச்சேனோ." அவரோட பெரிய பிஸ்டல் இருக்கறது அந்தப் பீரோவுலதான். குரலைத் தாழ்த்திக்கிட்டு அந்தம்மா கேட்டாக: "கிட்டு வாங்கட்டும், தனியா வாங்கட்டும், நான்தான்னு நான் சொல்றது அவுகளுக்குக் கேக்குமா?"

முதுகுப் பக்கம்

அண்ணாச்சி வந்து உக்காந்தாரு. எங்கன கையெழுத்து, போடுங்கன்னாரு. நான் பேனாவை மூடினேன். எந்திரிச்சு, வழக்கமா நிக்கிற மாதிரி அவரு முதுகுக்குப் பின்னால போயி நின்னேன். "அண்ணாச்சி"ன்னேன். அசைவில்ல. காதுமூடி மேசை மேலதான் கிடக்கு. சத்தமா ரெண்டாந்தடவை, மூணாந்தடவை கூப்பிட்டேன். அவரு பாட்டுக்கு அந்தச் சர்டிபிகேட்டைப் படிச்சுக்கிட்டு இருக்காரு. முன்னால வந்து, பின்னால நின்னு கூப்பிட்டது அவருக்குக் கேக்கலைங்கற விசயத்தைச் சொன்னேன். நேருக்கு நேரா நின்னா உதட்டைப் பாத்தே எல்லாத்தையும் புரிஞ்சுக்கிடுவாரு, தறிக்கூடத்துப் பழக்கம். "வெளையாடாதீக தம்பி"ன்னு சிரிச்சாரு.

அப்ப அந்தம்மாவே அவருக்குப் பின்னால போயி நின்னாக. "இந்தாங்க"ன்னாக. கொஞ்சம் சத்தமா, "இந்தாங்க, நான்தான்". அண்ணாச்சி என் முகத்தைப் பாத்தாரு, என் கண்ணு எங்க போகுதுன்னு பாத்தாரு, மெதுவாத் திரும்பினாரு. அந்தம்மா உதடு இன்னும் அசைஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அப்பறம் கொண்டு வந்திருந்த தன் பெரிய பிஸ்டலைப் பெட்டியில வச்சு, இன்னைக்கே கடைக்காரருகிட்ட ஒப்படைச்சிருங்கன்னு என்கிட்டயும் கடை ஆளுகிட்டயும் தள்ளினாரு. என்னைப் பாக்காம அந்தம்மாவைப் பாத்தே சொன்னாரு: "ஏழெட்டு வருஷமா நீ என்கூடப் பேசுறதையே விட்டுட்டன்னுல்ல நான் கோவிச்சுக்கிட்டு இருந்தேன்."

இப்பல்லாம் கிட்டா, தனி பிஸ்டலான்னு கேட்டு வர்றவுக பின்னால போயி நின்னு முதல்ல ஒரு தடவை பேரைச் சொல்லிக் கூப்பிடுறேன். திரும்பிப் பாக்கலைன்னா காது டாக்டருகிட்ட அனுப்புறேன், திரும்பிப் பாத்துட்டாகன்னா எனக்கு வழக்கமான பயம்தான்.