கொழுந்தனாரின் பித்தப்பை

எங்கள் வீட்டில் ஒல்லியான ஆள் ஒருத்தர்தான், என் கொழுந்தனார். குடிகாட்டில் கெமிக்கல் கம்பெனி வேலை. பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் "பையனுக்கு ஏதாச்சும் வியாதியா?" என்று கேட்டார்கள். மாமியாருக்கு அது தீராத கவலை.

சிதம்பரத்தில் ஸ்கேன் டெக்னீசியன் படிப்பில் சேர்ந்த பிறகுதான் அவர் அருமை எனக்குத் தெரிந்தது. கொழுப்பு இருந்தால் ஸ்கேனில் எல்லாம் மங்கல். இவருக்கு இருப்பது வாய்க்கொழுப்பு மட்டும்தான், அது ஸ்கேனை மறைக்காது. வயிற்றில் ஸ்கேன் மிஷினின் கைப்பிடியான ப்ரோபை வைத்தால் கல்லீரல், கிட்னி, பித்தப்பை எல்லாம் ஒழுங்காக வந்து நிற்கும். கூடப் படித்த பெண்கள் "உங்க கொழுந்தனார ஒரு நாளைக்குக் குடுங்கக்கா" என்று கெஞ்சுவார்கள். கல்யாணத்துக்கு மட்டும் ஒருத்தியும் கேட்கவில்லை, பாவம்.

பிராக்டிகல் பரீட்சைக்கு ஆளை நாமேதான் கூட்டிவர வேண்டும். முதல் தடவை கொழுந்தனாருக்கு லீவு கிடைக்காமல் என் வீட்டுக்காரரைக் கூட்டிப்போய், அந்தத் தொப்பைக்குள் கிட்னியைத் தேடியே நேரம் போய்விட்டது. ஃபெயில். இந்தத் தடவையும் கோட்டை விட்டால் ஆறு மாசம் காத்திருக்கணும். கடலூர் ஸ்கேன் சென்டரில் எனக்காக வைத்திருந்த வேலை அதுவரை காத்திருக்காது.

கொழுந்தனாருக்கு ஒரே ஒரு கண்டிஷன். காலையில் பச்சைத் தண்ணியைத் தவிர எதுவும் வாயில் படக்கூடாது. சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும், அப்புறம் கண்டுபிடிப்பது பெரும்பாடு. படிச்சுப் படிச்சுச் சொன்னேன்.

"நான் என்ன சின்னப் புள்ளயா அண்ணி?" என்றார்.

அன்றைக்கு நான் முதல் பஸ்ஸில் கிளம்பிவிட்டேன். அவர் அடுத்த பஸ்ஸில் வந்து, சட்டையைத் தூக்கிப் படுத்தார். பரீட்சை எடுக்க வந்த டாக்டரம்மா பக்கத்தில் நின்று, "பித்தப்பையக் காட்டுங்க" என்றார்.

ஜெல்லைத் தடவி ப்ரோபை வைத்தேன். காணோம்! மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன், ஒருக்களிக்கச் சொன்னேன், உட்காரவும் வைத்தேன். நேற்று வரைக்கும் பேரிக்காய் மாதிரி இருந்த பித்தப்பை எங்கே தொலைந்தது? எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"தம்பி, எதனா சாப்புட்டீங்களா?"

"எங்கம்மா மேல சத்தியமா இல்ல அண்ணி." அப்புறம் என் காதுக்குப் பக்கத்தில், "ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்கன்னு சொல்லிடுங்களேன்" என்றார்.

அடப்பாவி! தழும்பு எங்கே என்று கேட்டால் என் வயிற்றையா காட்டுவது?

எதற்கும் இருக்கட்டும் என்று ப்ரோபை இரைப்பைப் பக்கம் நகர்த்தினேன். உள்ளே கொழகொழவென்று ஏதோ மெதுவாகப் புரண்டுகொண்டிருந்தது. எனக்கு அழுகை போய்க் கோபம் வந்தது.

"மேடம், பித்தப்பை சுருங்கியிருக்கு. இவர் சாப்ட்டிருக்காரு. நெய் ஊத்துன பொங்கல்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "ஸ்கேன்ல பொங்கல் தெரியுமாம்மா?"

"ஸ்கேன்ல தெரியாது மேடம். இன்னிக்கு வெள்ளிக்கிழமை, எங்க வீட்ல பொங்கல்தான்."

கொழுந்தனார் கூரையைப் பார்த்தபடி, "வடையும் மேடம். மூணு. அம்மாதான் போட்டாங்க. ஒட்டிப்போன வயித்தோட டாக்டருங்க முன்னாடி படுத்தா, பெத்தவ சோறு போடலன்னு நெனப்பாங்களாம்" என்றார்.

டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார். "கிடைக்கலன்னு சொல்லி நிப்பாட்டாம, ஏன் கிடைக்கலன்னும் சொன்ன பாரு, அது போதும்" என்று சொல்லிவிட்டு, கிட்னியையும் கல்லீரலையும் அளக்கச் சொன்னார். அளந்தேன்.

பாஸ் என்று சாயங்காலமே சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குள் நுழையும்போது மாமியார் நடையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருக்குச் சர்க்கரை ஜாஸ்தி. இனிப்பையே தொடுவதில்லை என்று டாக்டரிடமும் எங்களிடமும் சாதிப்பார். ஆனால் வெல்ல டப்பா மட்டும் வாராவாரம் தானாகக் காலியாகும்.

"பாஸ் அத்தை" என்றேன்.

"எனக்குத் தெரியும். புள்ளைக்கு வயிறாரப் போட்டு அனுப்புனேன்ல!"

"ஐயோ அம்மா, சும்மாயிரு" என்று கொழுந்தனார் தலையில் கைவைத்தார். "நான் என்ன தின்னேன்னு அண்ணி வயித்துல மிஷின வச்சுப் பாத்து டாக்டர்கிட்டயே சொல்லிட்டாங்க."

மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். கீரையைக் கீழே வைத்தார். முந்தானையை இழுத்து வயிற்றை நன்றாக மூடிக்கொண்டார்.