ஏழாம் அறையின் தலைமாடு

அந்த முதியோர் இல்லத்தில் அவளுக்குச் சலவை அக்கா என்றுதான் பெயர். யார் இரவெல்லாம் புரண்டார்கள், யாருக்கு வயிறு சரியில்லை என்பதெல்லாம் துணியைப் பார்த்தாலே அவளுக்குத் தெரிந்துவிடும். ஆனாலும் தினமும் காலை எட்டு மணிக் கூட்டத்துக்கு அவளை மட்டும் யாரும் கூப்பிட்டதில்லை. அழுக்குத் துணிக்கு என்ன கூட்டம் என்று நினைத்தார்களோ என்னவோ!

ஏழாம் அறையில் ஒரு பஸ் டிரைவர், ஓய்வு பெற்றவர், கடைசி நாட்களில் இருந்தார். ஒரு வாரம் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடது இடுப்பில் படுக்கைப்புண். அதனால் அவரை எப்போதும் வலப்பக்கமாக ஒருக்களித்தே படுக்க வைத்தார்கள். கட்டிலோ சுவரை ஒட்டிக் கிடந்தது. பெண்கள் பகுதியில் இருந்த அவர் மனைவி தினமும் பத்து மணிக்குச் சக்கர நாற்காலியில் வந்து, அவர் முதுகைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்.

அன்று போர்வை மாற்ற வந்த சலவை அக்காவிடம் அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, இவருக்கு இன்னும் கோவம் தீரலையா?"

"கோவமா? என்னம்மா சொல்றீங்க?"

"சண்டை வந்தா செவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவாரு. கல்யாணம் ஆன நாள்லேருந்து அப்படித்தான். இந்த ரூமுக்கு மாத்துன அன்னிக்கு நான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். ஒம்பது நாளா என்னைத் திரும்பியே பாக்கல."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, புண்ணுக்காக நர்ஸம்மாதான் அப்படிப் படுக்க வெச்சிருக்காங்க."

"என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றே. அவரை எனக்குத் தெரியாதா?"

மறுநாள் எட்டு மணிக்குச் சலவை அக்கா துணிக்கூடையோடு கூட்டத்துக்குள் நுழைந்து, மூச்சு விடாமல் விஷயத்தைச் சொன்னாள்.

"இடப்பக்கம் திருப்பவே முடியாது, புண்ணு ஆறல" என்றார் தலைமை நர்ஸ்.

"வலப்பக்கமே படுக்கட்டும். தலைமாட்டைக் கால்மாடா மாத்திப் போட்டா மூஞ்சி நம்ம பக்கம் வந்துடுமே!"

டாக்டர் பேனாவை மேசையில் படுக்க வைத்துத் திருப்பிப் பார்த்தார். ஆமாம், சரிதான். இத்தனை நாளாக எல்லோரும் புண்ணைத்தான் பார்த்தார்கள், சுவரை ஒருவரும் பார்க்கவில்லை.

"ஆக்சிஜன் டியூப் எட்டாதே" என்றார் நர்ஸ்.

"மெஷினையே நகத்திடுறேன்" என்று அட்டெண்டர் எழுந்தார். சமையல்காரரும் அடுப்பை அணைத்துவிட்டுக் கைகொடுக்க வந்தார். நால்வராகப் போர்வையோடு தூக்கி, வலிக்காமல் திருப்பிப் படுக்க வைத்தார்கள்.

பத்து மணிக்கு வந்த அந்த அம்மா வாசலிலேயே சக்கர நாற்காலியை நிறுத்திவிட்டார். பிறகு அருகில் வந்து கேட்டார்.

"என்னங்க, கோவமா?"

அவர் கண்ணைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். உதடு அசைந்தது.

"எதுக்கு?"

அந்த அம்மா அழுதுகொண்டே சிரித்தார். துணி மாற்ற வந்தவள் போலக் கதவோரம் நின்ற சலவை அக்காவும் அழுதாள். அடுத்த மூன்று நாளும் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நான்காம் நாள், மனைவியின் கையைப் பிடித்தபடியே அவர் போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் கூட்டத்தில் கூடுதலாக ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். சலவை அக்கா கூடையை மடியில் வைத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"மூணாம் ரூம் தலகாணி உறை ரெண்டு நாளா ஈரமா வருது. அந்த ஐயா அழுவுறாரு போல. யாராச்சும் போய் என்னன்னு கேளுங்க."